இத்தாலிக்காரரின் ஒன்பது படங்களும் ஒரு கலியாண வீடியோவும்

தம்பி,

நீ என் பிறந்தநாளுக்கு அனுப்பிய ஒன்பது படங்களையும் பார்த்து முடித்துவிட்டேன். கடைசிப் படம் முடிந்து மூன்று கிழமை ஆகிறது. "அம்மா பார்க்கமாட்டா, அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுபோய்ச் சாமியறையில் வைப்பா" என்று நீ அபிராவிடம் பந்தயம் கட்டியதாகக் கேள்விப்பட்டேன். கலியாணத்துக்கு முதலே மனிசியிடம் தோற்றுப் பழகுவது நல்லதுதான். சாமியறையில் வைத்தது உண்மை. ஆனால் ஒரு கிழமை மட்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கோயிலால் வந்து, சாப்பிட்டுவிட்டு, யன்னல் சீலையை இழுத்துவிட்டு, அந்தப் படங்களை எடுத்த உன் இத்தாலிக்காரரோடு உட்கார்ந்தேன். அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. வாயில் நுழையாத பெயர். நான் சொல்லும் ஒவ்வொரு முறையும் நீ சிரிக்கிறாய், எழுதினாலும் சிரிப்பாய்.

படங்களைப் பற்றி மட்டும் எழுதுவதென்றால் ஃபோனிலேயே சொல்லியிருப்பேன். எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் ஃபோன் சரியாக வேலை செய்து எட்டுக் கிழமை ஆகிறது. நீ "சாப்பிட்டீங்களா" என்று அனுப்புகிறாய், நான் கட்டைவிரல் படம் அனுப்புகிறேன். ஆவணியில் உனக்குக் கலியாணம். மணவறையில் தாய் தகப்பனுடைய இடத்தில் பெரிய மாமாவும் மாமியும் இருக்கட்டும் என்று நானே முடிவுசெய்து, உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர்களிடம் சொல்லியும்விட்டேன். அப்பா போய் இரண்டு வருடம். புருஷன் இல்லாத பெண் தன் பிள்ளையின் கலியாணத்தில் மணவறைக்கு ஏறாமல் ஒதுங்கி நிற்பதுதான் எங்கள் ஆட்களின் வழக்கம். விமானம் ஏறி சிட்னிக்கு வந்தபோது நாங்கள் அம்மிக்கல்லை விட்டுவிட்டு வந்தோம், இந்த வழக்கத்தை விடாமல் கொண்டுவந்தோம்.

நீ அதைக் கேட்டதும், "அம்மா, நீங்கள் முன்னுக்கு இல்லாட்டி ஐ டோன்ட் வான்ட் எ வெடிங் அட் ஓல்" என்றாய். நான் வாய்க்கு வந்தபடி, "இது உன்ர படம் இல்லைத் தம்பி, நீ நினைச்ச இடத்திலை ஆக்களை நிப்பாட்டுறதுக்கு" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். படம் வெட்டி ஒட்டிப் பிழைக்கிற பிள்ளையிடம் சொல்லக்கூடாத சொல் அது. அதுவும் நானே அந்தத் தொழிலைச் சாப்பாட்டு மேசையில் வைத்து உனக்குக் காட்டிவிட்டு அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. அதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். மற்றதைப் பொறுமையாகச் சொல்கிறேன். நீயும் பொறுமையாகப் படி. ஒன்பது படம் பார்த்த எனக்கு நீ இந்த ஒரு கடிதமாவது முழுதாகப் படிக்கவேண்டும்.

முதல் படம் ஒரு கலியாண மண்டபத்தின் குசினிக்குள் நடக்கிறது. வெளியே யாருக்கோ கலியாணம். எங்களுக்குக் காட்டுவது அடுப்பும் தட்டுகளும் வியர்த்துப்போன ஆட்களும். பொம்பிளை மாப்பிள்ளையை, குசினிக் கதவு திறந்து மூடுகிற நேரத்தில் ஒரு துண்டு மட்டும் காண்கிறோம். ஒன்றரை மணித்தியாலமும் அந்தக் கதவு திறக்கிறது, மூடுகிறது. எனக்குப் பத்தி எரிந்தது. பத்தொன்பது வருடம் கலியாண வீடியோ வெட்டியவள் நான். மாலை மாற்றுவதும் கேக் வெட்டுவதும் இல்லாத ஒரு கலியாணத்தை நான் குடும்பத்தாரிடம் கொடுத்திருந்தால், டிஸ்க்கை என் தலையில் எறிந்திருப்பார்கள். இவருக்கோ விருது கொடுத்திருக்கிறார்கள் என்று நீ சொன்னாய். என்னிடம் தந்திருந்தால் இருபது நிமிடத்தைக் குறைத்து, இரண்டு பாட்டும் போட்டுக் கொடுத்திருப்பேன்.

நான் எப்படி இந்த வேலைக்கு வந்தேன் என்று நீ முழுதாகக் கேட்டதில்லை. அப்பாவுக்குக் கிழமை நாட்களில் தபாலகத்தில் கடிதம் பிரிக்கும் வேலை, சனி ஞாயிறு கலியாணங்களில் கமரா. எடுப்பதற்கு அவருக்குக் கை வந்தது, வெட்டுவதற்குப் பொறுமை இல்லை. அதைப் படிக்கத்தான் நான் பரமற்றாவில் ஒரு பின்னேர வகுப்புக்குப் போனேன். வகுப்பில் எல்லோரும் பெடியள். நான் ஒருத்திதான் உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு கொம்பியூட்டர் முன்னால் இருந்தேன். நார்த்மீட் வீட்டில் மேசையின் ஒரு பாதி கொம்பியூட்டருக்கு, மற்றப் பாதி சோற்றுக்கு. நீ நடக்கத் தொடங்கின காலத்திலேயே கெட்டிமேளம் கேட்டால் ஓடிவந்து ஸ்பேஸ் பாரைத் தட்டி நிறுத்துவாய். நார்த்மீட்டிலிருந்து பிளாக்டவுன் வரைக்கும் எந்தப் பெரியம்மா எந்தச் சித்தப்பாவோடு கதைப்பதில்லை என்று எனக்கு அத்துப்படி. அந்த இரண்டு பேரும் ஒரே இடத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றால், அங்கே ஒரு பாட்டு வரும், பூ விழும், காட்சி மாறிவிடும். அதில் எனக்குப் பெருமை இருந்தது. ஒரு சண்டையும் இல்லாத குடும்பங்களை நான் நூற்றுக்கணக்கில் செய்து கொடுத்திருக்கிறேன்.

அதைவிட இன்னொரு சட்டமும் என்னிடம் இருந்தது. பொன்னுருக்கு, கன்னிக்கால், தாலிகட்டு, மணமக்கள் மேல் அறுகரிசி போட்டு வாழ்த்துவது, இப்படியான மங்கலமான இடங்களில் புருஷனை இழந்த பெண்ணின் முகம் வரக்கூடாது. யாரும் எழுதித் தந்த சட்டம் இல்லை. அந்தப் பெண்களே ஒதுங்கித்தான் நிற்பார்கள். தப்பித்தவறி ஒரு ஓரத்தில் வந்துவிட்டால் நான் வெட்டிவிடுவேன். வெட்ட முடியாவிட்டால் படத்தைப் பெரிதாக்கி, அவர்கள் நின்ற ஓரத்தைத் திரைக்கு வெளியே தள்ளிவிடுவேன். உனக்கு எட்டு வயது இருக்கும். பக்கத்தில் இருந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாய். திரையைப் பார்த்துவிட்டு, "அம்மா, தெயர் வாஸ் அன் அன்ரி. அந்த அன்ரி எங்க?" என்று கேட்டாய். "அவ வீட்டுக்குப் போயிட்டா" என்று சொன்னேன். நீ கொஞ்சம் யோசித்துவிட்டு, "சாப்பிடாமலா?" என்று கேட்டாய். எனக்கு அது அன்று பெரிய பகிடியாக இருந்தது, வருகிற ஆட்களிடம் எல்லாம் சொல்லிச் சிரித்தேன். நான் உனக்குச் சொன்ன பொய்களில் இதுதான் என்னை இப்போது ஆகக் கூட உறுத்துகிறது.

இத்தாலிக்காரருக்கு வருகிறேன். இரண்டாவது படம், மலைப்பாதையில் பேருந்து ஓட்டுகிற ஒருவரைப் பற்றியது, எனக்குப் பிடித்தது. அப்பாவை மாதிரி ஒருவர், அதிகம் பேசமாட்டார், எல்லோரையும் கண்ணாடியில் பார்ப்பார். வீட்டை விற்க வந்த அண்ணன் தம்பி ஒரு வார்த்தை பேசாமல் சுவருக்கு வெள்ளை அடிக்கிற படம், அதுவும் நல்லது, நான் பாட்டுப் போட்டு மறைத்த குடும்பங்கள் எனக்கு ஞாபகம் வந்தன. ஐந்தாவது படம், பெரிய பணக்காரர்களின் விருந்து, அது சரிவரவில்லை. உடுப்பும் விளக்கும்தான் இருக்கிறது. அந்த ஆட்களை அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன். நீ அந்தப் படத்துக்காக யாரோடோ சண்டை பிடித்ததாகச் சொன்னாய். விட்டுவிடு மகனே, நல்ல சமையல்காரருக்கும் ஒரு நாள் உப்புக் கூடும்.

படகில் வருகிற சனத்தைப் பற்றிய ஆறாவது படத்தை நான் தனியாகப் பார்க்கவில்லை. என்னோடு பிளாக்டவுனில் மருந்துப் பெட்டி அடுக்குகிற கஜன் படகில் வந்த பிள்ளை, இன்னும் தற்காலிக விசாதான். ஒரு ஞாயிறு சாப்பிட வந்தவர், இருந்து பார்த்தார். ஒரு இத்தாலியத் தீவு, கரையில் வலை திருத்துகிறவர்கள், சின்னப் பிள்ளைகளின் காற்சப்பாத்துகள் மணலில் காயக் கிடக்கின்றன. கஜன் முழுவதையும் பார்த்துவிட்டு, "நல்ல படம் அக்கா. ஆனா இவர் கரையிலை நிண்டு எடுத்திருக்கிறார்" என்றார். பிறகு எழும்பிப் போய்த் தன் கோப்பையைக் கழுவினார். நீ உன் ஆசானைப் பற்றி எழுதுகிற நீளமான கட்டுரைகளில் இந்த வசனத்தை எங்கேயாவது சேர்த்துக்கொள். கஜன் குறை சொல்லவில்லை. எங்கே நின்று எடுத்தார் என்பதை மட்டும் சொன்னார்.

அந்தப் படத்தில்தான் நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். பெருமை அடித்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள். கரையில் சப்பாத்துகளைத் திருப்பிப் போடுகிற ஒரு மனுசி. இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும், தாடைக்குக் கீழே ஒரு மச்சம். எனக்கு அந்த முகம் தெரிந்தது. யாருடைய முகம், எங்கே கண்டேன் என்று மண்டையைப் போட்டு உடைத்து, முதல் படத்தைத் திரும்பப் போட்டேன். குசினிக் கதவடியில் தட்டோடு நிற்கிறா. நாலு செக்கன்கூட இல்லை. இரண்டாவது படத்தில் பேருந்தின் கடைசி இருக்கை. வெள்ளை அடிக்கிற படத்தில் பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலால் ஒரு தலை. நீ சண்டை பிடித்த விருந்துப் படத்தில்கூட மேலங்கிகளை வாங்கிக் கொழுவுகிற இடத்தில் நிற்கிறா. எல்லாப் படத்திலும் அதே மனுசி, எப்போதும் ஓரத்தில், ஆனால் ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் கூட நேரம். நாலு செக்கன், பத்துச் செக்கன், ஒரு நிமிடம், இரண்டு வசனம். நீ பல்கலைக்கழகத்தில் படித்தவன், இவரைப் பற்றி மேடையில் பேசியவன், இதை எனக்கு ஒருநாளும் சொல்லவில்லை. கவனிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஓரத்தில் நிற்கிற பெண்களைத் தேடித் தேடி வெட்டிய கண் என்னுடையது. அதனால் எனக்குத் தெரிந்தது.

ஒன்பதாவது படம் அந்த மனுசியின் படம். பள்ளிக்கூடக் குசினியில் இருபத்தைந்து வருடம் சமைத்தவ வேலையை விட்டு நிற்கிறா. அவவுக்கு ஒரு மத்தியானச் சாப்பாடு வைக்கிறார்கள். மேசையின் நடுவில் அவவுக்கு ஒரு கதிரை. "இருங்கோ, இருங்கோ" என்கிறார்கள். அவ இருக்கமாட்டா. பாணைக் கொண்டுவந்து வைக்கிறா, தண்ணீர் எடுக்கப் போகிறா, அடுப்பு அணைந்ததா என்று பார்க்கப் போகிறா, யாருக்கோ கரண்டி இல்லை என்று எழும்புகிறா, எழும்புவதற்கு முதலில் இருந்தால்தானே. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். பதினொரு நிமிடம். கமரா ஒரே இடம். என் கை தன்பாட்டில் மேசையில் வெட்டுகிற விசையைத் தேடியது, உண்மையாகச் சொல்கிறேன். கடைசியில் அவ இருந்தபோது, கதிரையின் நுனியில்தான் இருந்தா, எந்த நேரமும் எழும்பலாம் என்பதுபோல. நான் இதை இருபது செக்கனாகக் குறைத்திருப்பேன். குறைத்திருந்தால் அவ இருந்தது யாருக்கும் ஒரு விஷயமாகவே தெரிந்திராது.

அடுத்த நாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, கராஜில் கிடந்த பழைய டிஸ்க்குகளை எடுத்துவந்தேன். எத்தனை கதவடிப் பெண்களை வெட்டினேன் என்று பார்க்கவேண்டும்போல இருந்தது. உனக்கு ஞாபகம் இருக்கும், ஒவ்வொரு கலியாணத்துக்கும் நான் ஒரு ஃபோல்டர் வைத்திருந்தேன், அதற்குப் பெயர் 'அப்பாட குப்பை'. ஐயரும் பொம்பிளையும் முக்கியமான வேலையில் இருக்க, அப்பா வேறு எதையோ எடுத்துக்கொண்டு நிற்பார். வாசலில் செருப்புத் தேடுகிற கிழவர், சோறு போடுகிற பெடியளின் கை, நித்திரையான குழந்தையைத் தோள் மாற்றுகிற தகப்பன். நாலு நிமிடம், ஐந்து நிமிடம், கையை ஆட்டாமல் எடுப்பார். நான் ஏசுவேன். அவர், "நீர் வெட்டுறதை வெட்டும், நான் எடுக்கிறதை எடுக்கிறன்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிப்பார். எறிய மனம் வராமல்தான் குப்பைக்குள் போட்டேன். நல்ல காலம்.

நீ ராணி அன்ரியை மறந்திருப்பாய். பிளாக்டவுனில் இருந்தவ, பிறகு மகளோடு உங்கள் மெல்பேர்ண் பக்கம், ஸ்பிரிங்வேலுக்குப் போய்விட்டா. பன்னிரண்டு வருடத்துக்கு முதல் அந்த மகளின் கலியாணத்தை நாங்கள்தான் எடுத்தோம். ராணி அன்ரிக்கு அப்போதே புருஷன் இல்லை. அந்தக் கலியாணத்தின் குப்பையைத் திறந்தேன். தாலிகட்டை ஸ்டாண்டில் நின்ற கமரா எடுத்துக்கொண்டிருக்கிறது. அப்பாவின் கையில் இருந்த கமரா மண்டபத்தின் பின்பக்கம் திரும்பியிருக்கிறது. கதிரைகளை அடுக்கி வைக்கிற அறையின் கதவடியில் ராணி அன்ரி, கைக்குள் அறுகரிசி, நுனிக்காலில் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறா. மேளம் மெதுவாகக் கேட்கிறது. அப்போது கமராவுக்கு மிகக் கிட்ட ஒரு குரல் கேட்டது.

"அக்கா, முன்னுக்கு வாங்கோ. உங்கட பிள்ளைதானே."

அப்பா. ராணி அன்ரி சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினா, வரமாட்டேன் என்று. "வாங்கோ அக்கா, நான் நிக்கிறன்தானே," என்று அப்பா திரும்பவும் சொன்னார். அவ வரவில்லை. கெட்டிமேளம் கேட்டது. அவ நின்ற இடத்திலிருந்தே அறுகரிசியை எறிந்தா. அது கடைசி வரிசையைத் தாண்டவில்லை, ஒரு வெறுங்கதிரையில் விழுந்தது. எல்லோரும் மணவறைப் பக்கம் எழும்பிப் போன பிறகு அவ மெல்ல வந்து, கதிரையில் கிடந்த அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டா. கமரா அசையவில்லை. அப்பாவின் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

இரண்டு வருடமாக நான் கேட்காத குரல், தம்பி. அழுதேன். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. அழுது முடிந்த பிறகுதான் மற்றது உறைத்தது. இந்தக் குரலை நான் அன்றைக்கும் கேட்டிருக்கிறேன். வெட்டுவதற்கு முதல் எல்லாவற்றையும் ஒரு முறை முழுதாகக் கேட்பது என் வழக்கம். அப்பா ஒரு பெண்ணை முன்னுக்குக் கூப்பிட்டதையும் அவ வராமல் நின்றதையும் கேட்டுவிட்டு, பார்த்துவிட்டு, நானாகத்தான் குப்பைக்குள் போட்டேன். அந்தக் குடும்பத்தில் யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

இப்போது இன்னொரு குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். போன மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, நான் கோயிலில் நிற்கிறேன் என்று உனக்கு மெசேஜ் போட்டேன் அல்லவா, அன்றைக்கு நான் மெல்பேர்ணில் நின்றேன். காலை விமானத்தில் வந்து பின்னேரம் திரும்பிவிட்டேன். உன் வீட்டுக்கு வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே. உன் முகத்தைக் கண்டால் நீ கேட்பதற்கெல்லாம் ஓம் என்று சொல்லிவிடுவேன், சிறு வயதிலிருந்தே அதுதான் நடக்கிறது. இது உனக்காக ஓம் என்று சொல்கிற விஷயமாக இருக்கக்கூடாது என்று நினைத்தேன்.

ராணி அன்ரி குசினி மேசையில் லப்டொப்பை வைத்து அந்தத் துண்டைப் பார்த்தா. அரிசி விழுந்த இடத்தில், "ஒண்டும் போய்ச் சேரேல்லை எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றா. பிறகு, "உம்மட அவர் கூப்பிட்டவர். எனக்கு நல்ல ஞாபகம். நான்தான் போகேல்லை. பயம். பிள்ளைக்கு ஏதும் நடந்தா என்னிலை எல்லோ வந்து விடியும் எண்டு பயம்" என்றா. நான் வாய் திறக்க முதல் அவவே சொன்னா: "மகள் கேட்டவள், அம்மா, வீடியோவிலை நீங்கள் ஏன் ஒரு இடமும் இல்லை எண்டு. கமராவிலை விழேல்லைப் போலை எண்டு சொல்லிப்போட்டன்."

"விழுந்தது அக்கா. நான்தான் வெட்டினனான்" என்றேன்.

அவ என்னைப் பார்த்தா. பொட்டு இல்லாமல் இருந்த என் நெற்றியையும் பார்த்திருப்பா. நான் எதையாவது பேசி இடைவெளியை நிரப்பப் பார்த்தேன், பழக்கதோஷம். பிறகு சும்மா இருந்தேன். "தேத்தண்ணி ஆறுது, குடியும்" என்றா. குடித்தேன். வெளிக்கிடும்போது வாசல் வரை வந்து, "உம்மட மகனுக்கு ஆவணியிலை எண்டு கேள்விப்பட்டன். நீர் எங்கை நிக்கப்போறீர்?" என்று கேட்டா. திரும்பும் விமானத்தில் முழு வழியும் அதற்குத்தான் பதில் தேடிக்கொண்டு வந்தேன்.

எனக்கும் அதே பயம்தான், மகனே. நீ இதை முற்போக்கு, பிற்போக்கு என்று பெரிய சொற்களால் கேட்டாய், அதனால் எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கொள்கை ஒன்றும் இல்லை. நீயும் அபிராவும் நூறு வருடம் நன்றாக இருக்கவேண்டும், என்னால் ஒரு குறை வந்துவிடக்கூடாது, அவ்வளவுதான். அந்தப் பயத்துக்கு நான் வழக்கம் என்று பெயர் வைத்து, மாமாவையும் மாமியையும் முன்னால் நிறுத்தி, அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நீயும் அபிராவும் இனிச் சண்டை பிடிப்பீர்கள். பிடிக்காதவர்கள் இல்லை. அப்போது ஒரு சொல் கோபமாக வந்தால், அதற்குப் பின்னால் என்ன பயம் நிற்கிறது என்று ஒரு நிமிடம் பொறுத்துப் பார். அவள் கதைத்து முடித்த உடனே நீ தொடங்காதே. முடிந்த பிறகும் கொஞ்சம் ஓடவிடு. இது உன் இத்தாலிக்காரரிடம் நான் படித்தது. அதற்காக உன் படங்களில் எல்லாவற்றையும் பதினொரு நிமிடம் ஓடவிடாதே. அவர் அந்த ஒரு பதினொரு நிமிடத்துக்கு ஒன்பது படம் வேலை செய்திருக்கிறார். சனத்துக்கும் வீட்டுக்குப் போகவேண்டும்.

நேற்றுப் பெரிய மாமாவுக்கு ஃபோன் எடுத்தேன். "அண்ணா, நான்தான் ஏறப்போறன்" என்றேன். அவர், "நீ கேட்ட உடனை ஓம் எண்டு சொன்னது என்ர பிழை. நீ ஏறு பிள்ளை, நான் பக்கத்திலை இருக்கிறன்" என்றார். மாமி ஃபோனை வாங்கி, "ஆக்கள் கதைப்பினம், யோசிச்சுக்கொள்ளும்" என்றா. கதைக்கட்டும். ஆட்கள் கதைத்ததை எத்தனை வீடியோவில் பாட்டுப் போட்டு மறைத்திருக்கிறேன், என் காதுக்குள் ஒரு பாட்டுப் போட எனக்குத் தெரியாதா. ஐயரிடமும் பயந்து பயந்து கேட்டேன். அவர், "தாராளமா வாங்கோ அம்மா" என்று சொல்லிவிட்டு, வாழைக்குலைக்கு யார் பொறுப்பு என்று கேட்டார். எல்லோரையும்விட நான்தான் என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ராணி அன்ரிக்கும் சொல்லிவிட்டேன். வருகிறா. முதல் வரிசையில் அவவுக்கு ஒரு கதிரை போடு, ஓரத்தில் வேண்டாம், நடுவில். அறுகரிசித் தட்டு அவவிடம்தான் முதலில் போகவேண்டும் என்று அபிராவின் அம்மாவிடம் நானே கதைக்கிறேன். வீடியோவை நீ வேறு யாரிடமும் கொடுக்காதே, நான் வெட்டுகிறேன். பயப்படாதே, பாட்டு இரண்டுதான் போடுவேன்.

மணவறையில் நான் கதிரையின் நுனியில்தான் இருப்பேன் என்று நினைக்கிறேன். எழும்பிப் போய்த் தண்ணீர் இருக்கிறதா, குத்துவிளக்கில் எண்ணெய் காணுமா என்று பார்க்கத் தோன்றும். நான் எழும்பப் பார்த்தால் நீ ஒன்றும் சொல்லவேண்டாம், சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொள், சின்னனில் பிடித்த மாதிரி. கமராக்காரர் என்னை முன்னுக்குக் கூப்பிடவும் தேவையில்லை. ஒரு கமராக்காரர் ஏற்கெனவே கூப்பிட்டுவிட்டார். எனக்குத்தான் பன்னிரண்டு வருடம் பிந்திக் கேட்டிருக்கிறது.

வாறன்.

அம்மா